ஓரத்தில் போட்ட கோடுகள்

ரோட்டோரத்தில் வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது அந்த அக்காவிடம் யாரும் பேசக்கூடாது. பேசினால் பதில் வராது. இடது கை மட்டும் மெல்ல எழும். பொறு என்று அர்த்தம். பதினைந்து நிமிடக் கட்டம் முடிந்து, அடுத்த கட்டத்துக்கு நேரம் குறிக்கும் அந்த ஒரு மூச்சில்தான் திரும்பிப் பார்த்து, "என்னா தம்பி?" என்பார். நாம் சொல்லத் தொடங்குவதற்குள் ஒரு லோரி வந்துவிடும். கை மறுபடி எழுந்துவிடும். ஒருமுறை என் பாஸ் காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்து குட் மார்னிங் சொன்னார். அவருக்கும் அதே கைதான். பாஸ் பாவம், பாதி சிரிப்போடு மழை வடிகால் பக்கத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

நான் ஈப்போவில் ஒரு சின்ன போக்குவரத்து ஆலோசனை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஓரிடத்தில் ஆயிரம் வீடு வரப்போகிறது என்றால், அங்கே இருக்கிற ரோடு அதைத் தாங்குமா, எத்தனை தடம் வேண்டும், எங்கே சிக்னல் விளக்கு, எங்கே யூ-டர்ன் என்று கணக்குப் போட்டு அறிக்கை கொடுப்பது எங்கள் பிழைப்பு. இன்றைக்குப் போகிற வண்டிகளை எண்ணி, பத்து வருடம் கழித்து எத்தனை போகும் என்று பெருக்கிச் சொல்வோம். இப்போதெல்லாம் கேமரா எண்ணிவிடுகிறது. அன்றைக்கு நாங்கள் ஆள் வைத்துத்தான் எண்ணினோம்.

ஆள் என்றால் பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். மர நிழலில் உட்கார்ந்து போனை நோண்டிவிட்டு, கடைசி அரைமணி நேரத்தில் மொத்தப் படிவத்தையும் நிரப்பிக் கொடுப்பார்கள். எங்களுக்கும் அது தெரியும். அவர்கள் எழுதும் எண்கள் அழகாக இருக்கும். காலையில் ஏறி, பத்து மணிக்கு இறங்கி, சாயங்காலம் மறுபடி ஏறும். உண்மையான ரோடு அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வோம்.

ஒருநாள் அப்படி வருவதாகச் சொன்ன ஒரு பையன் காலை ஆறு மணிக்குப் போனை அணைத்துவிட்டான். நான் அலுவலகத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அக்கா எங்கள் கடைவீட்டு மாடியைக் கூட்டித் துடைக்க வருகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "எந்த ரோடு தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். "அது எங்க வீட்டு முன்னால ரோடு லா. நான் போறேன். எண்ணத்தான வேணும்?" என்றார். வேறு வழி இல்லாததால் சரி என்றேன். எழுதப் படிக்கத் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு பார்த்தால், என்னைவிட அவர் கையெழுத்து நன்றாக இருந்தது.

அந்த ரோட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கோப்பெங் போகும் வழியில் முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம். மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டு வரிசை வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து லயங்களில் இருந்தவர்களுக்கு ரோட்டின் ஒரு பக்கம் நாலு மாடி ஃபிளாட் கட்டிக் கொடுத்தார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, மளிகைக் கடை, ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடை எல்லாம் மறுபக்கத்திலேயே நின்றுவிட்டன. நடுவில் இரண்டு தட ரோடு. ஃபிளாட்டில் இருந்தவர்கள் எதற்கென்றாலும் அதைக் கடந்துதான் ஆக வேண்டும். அந்த ரோட்டை நாலு தடமாக அகலப்படுத்தும் திட்டம்தான் எங்கள் கையில் இருந்தது. கடப்பதற்கு ஒரு சிக்னல் விளக்கு அதில் வருமா வராதா என்பது, யாருக்கும் தெரியாமலே, அந்த அக்கா எழுதப்போகும் படிவத்தில் இருந்தது. இதை எழுதும் இன்றைக்கும் அங்கே விளக்கு இல்லை. இப்போதுதான் மனு போயிருக்கிறது.

முதல் நாள் சாயங்காலம் படிவங்களை வாங்கிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காலை ஏழே முக்கால் கட்டத்தில் பாதியில் ஒரு கோடு இழுத்து, "ஒண்ணுக்குப் போயிட்டேன். நாலு நிமிசம் பாக்கல" என்று தமிழில் எழுதியிருந்தார். கழிப்பறை மாமாக் கடையில். ரோட்டைக் கடந்து போய் வர நாலு நிமிடம் ஆகியிருக்கிறது.

"அக்கா, இதெல்லாம் எழுத வேணாம். சும்மா ஒரு அஞ்சாறு கார் சேத்துப் போட்டுருங்க" என்றேன்.

"பாக்காத கார எப்படித் தம்பி போடுறது?"

"எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

அவர் சிரித்தார். "நான் பதினெட்டு வருசம் ரப்பர் பால் வெட்டுனவ தம்பி. மழ பேஞ்சா மேட்டுப் பக்கம் மரமெல்லாம் நனைஞ்சி கெடக்கும், வெட்ட முடியாது. வெட்டலன்னா வெட்டலன்னு கங்காணிகிட்ட சொல்லிருவேன். சில பேரு வெட்டிட்டேம்பாங்க. பால நிறுக்கறப்ப தெரிஞ்சி போயிரும்" என்றார்.

அந்த நாலு நிமிடத்துக்கு நான் சராசரி எடுத்துப் போட்டுக்கொண்டேன். அது எங்கள் தொழிலில் அனுமதிக்கப்பட்டதுதான். ஆனாலும் அவர் எழுதிய வரியை அழிக்கும்போது என்னவோ போலிருந்தது.

அவருக்கு வரும் சந்தேகங்கள் வேறு யாருக்கும் வராது. பிண வண்டி போனால் அதை வேனில் போடுவதா லோரியில் போடுவதா என்று போன் பண்ணிக் கேட்டார். வேன் என்றேன். "பின்னால பதினோரு கார் போச்சு. அதுல ஒண்ணு போயிட்டுத் திரும்பி வந்துருச்சு, மாலைய மறந்துட்டாங்க போல. எடுத்துக்கிட்டு மறுபடி போச்சு. மூணு தடவ எண்ணணுமா?" என்றார். ஆமாம், மூன்று தடவைதான் என்றேன். "அப்ப சரி. போட்டுட்டேன்" என்று வைத்துவிட்டார். லோரியில் ஏற்றிப்போகும் மூன்று கார்களை எண்ணுவதா என்றும் ஒருமுறை கேட்டார். அவர் கேட்டதையெல்லாம் அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பாஸ் அவருக்கு டாக்டர் பட்டமே கொடுத்துவிட்டார்.

பத்து வருடக் கணக்கைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். மேசையைத் துடைத்துக்கொண்டே என் கம்ப்யூட்டரில் இருந்த படத்தைப் பார்த்து, இது என்ன இவ்வளவு கார் என்றார். இது இன்னும் பத்து வருடத்தில் வரப்போகும் கார்கள் என்று விளக்கினேன்.

"இன்னும் யாரும் வாங்காத காருக்கு இப்பவே எடம் போடுறீங்களா? நல்ல காரியம் லா" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நடக்கறவங்களையும் பெருக்கிக்குங்க தம்பி. இந்தப் புள்ளைங்களுக்கெல்லாம் அதுக்குள்ள கல்யாணமாயி புள்ள பொறந்திருக்கும்" என்றார்.

நடக்கிறவர்கள் என்று அவர் சொன்னது சும்மா இல்லை. எங்கள் படிவத்தில் கார், வேன், லோரி, பஸ், மோட்டார் சைக்கிள் என்று ஐந்து கட்டங்கள் மட்டும்தான் இருந்தன. அவர் எண்ண உட்கார்ந்த இரண்டாம் நாள் காலையிலேயே போன் பண்ணினார்.

"தம்பி, ரோட்டத் தாண்டுறவங்கள எங்க போடுறது? கட்டம் இல்லியே."

"அவங்கள எண்ண வேணாம்கா."

"ஏன்? அவங்களும் ரோட்டுலதானே இருக்காங்க. நெறைய பேரு தம்பி."

எனக்கு அன்றைக்கு வேறு ஒரு சைட்டில் வேலை. பேச்சை முடித்தால் போதும் என்றிருந்தது. "சரி, ஓரத்துல எங்கயாச்சும் போட்டு வைங்க" என்றேன். இதைச் சொன்னது நான். இந்த வார்த்தைகளை நான் எத்தனையோ முறை எனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டேன், சொன்னது நான்தான்.

அவர் போட்டு வைத்தார். அன்றிலிருந்து மீதி நாலு நாளும், ஒவ்வொரு கட்டத்துக்கும் நேராக, தாளின் இடது ஓரத்தில், மரத்தில் கத்தி இறங்குவது போல மேலிருந்து கீழே சாய்ந்த சின்னச் சின்னக் கோடுகள். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் ஓரம் போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தவர்கள் தனி. நடுவில் சில பாதிக் கோடுகள் இருந்தன. அது என்ன என்று கேட்டேன்.

"அது இடுப்புல இருக்கற புள்ள. நடக்கல, ஆனா தாண்டுதே" என்றார்.

சில கோடுகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தார். அவர்கள் பாதி ரோட்டில் நின்று, வண்டிக்கு வழிவிட்டு, பிறகு கடந்தவர்கள். புள்ளிகள் நிறைய இருந்தன.

நான் படித்தவன். அந்த ஓரத்தைப் பார்த்ததும் அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு விளக்கு போட அதுவே போதும். நடப்பவர்களை இப்படி எண்ணிக் கொடு என்று கேட்டுச் சம்பளம் கொடுத்தாலும் எங்கள் காலேஜ் பிள்ளைகள் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அறிக்கை அப்போது ஏறக்குறைய முடிந்திருந்தது. நாலு தடம், நடுவில் நெடுகக் கான்கிரீட் தடுப்பு, தூரத்தில் யூ-டர்ன். வண்டிகள் எங்கும் நிற்காமல் போகும். பத்தாவது வருடத்திலும் நெரிசல் இல்லை என்று கணக்கு அழகாக வந்திருந்தது. நடுவில் ஒரு விளக்கு போட்டால் அந்தக் கணக்கு முழுக்க மாறும். திரும்பப் போட இரண்டு வாரம் ஆகும். வீடு கட்டுகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அதைவிட முக்கியம், முதன்முறையாக அறிக்கையின் உள்பக்கத்தில் என் பெயரையும் போடப்போவதாக பாஸ் சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தை நான் ஏற்கனவே ஒரு பிரதி அச்சடித்து வீட்டுக்கு எடுத்துப் போய் என் மனைவியிடம் காட்டியிருந்தேன்.

அறிக்கையின் பின்னிணைப்பில் கையால் எழுதிய படிவங்களின் நகல் இருக்க வேண்டும். புதன்கிழமை மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, நகல் இயந்திரத்தின் கண்ணாடியில் ஒவ்வொரு தாளையும் இரண்டு விரற்கடை நகர்த்தி வைத்தேன். ஓரம் வெளியே போய்விட்டது. பின்பக்கங்களை எடுக்கவே இல்லை. முதல் தாளை வைக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. பத்தாவது தாளில் பழகிவிட்டது.

பாஸ் அந்த ஓரத்தைப் பார்க்கவே இல்லை. இதை நான் சொல்லியாக வேண்டும். காட்டியிருந்தால் என்னைத் திட்டியிருக்கலாம். அல்லது, மறுபடி கணக்குப் போடு என்றும் சொல்லியிருக்கலாம். அவருக்கு அந்த வாய்ப்பை நான் கொடுக்கவில்லை. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை, யாரும் மிரட்டவும் இல்லை.

சில மாதம் கழித்து, ஃபிளாட்டுக்குப் பக்கத்து டேவானில், அந்தப் பொது மண்டபத்தில், குடியிருப்பாளர்களுக்கு விளக்கக் கூட்டம் வைத்தார்கள். பாஸுக்குக் கோலாலம்பூரில் வேலை இருந்ததால் நான் போனேன். அரசாங்க அதிகாரி ஒருவர் தலைமை. புது ரோட்டின் படத்தைத் திரையில் போட்டதும் மக்கள் முதலில் கைதட்டினார்கள். அகலமான ரோடு யாருக்குத்தான் பிடிக்காது? பிறகு ஃபிளாட் சங்கத்தின் செயலாளர் எழுந்தார். பள்ளி பஸ் ஓட்டுபவர், சத்தமாகப் பேசுகிறவர். "ரோடு சரி. நாங்க எப்படி அந்தப் பக்கம் போறது? புள்ளைங்க எப்படிப் போகும்?" என்று மலாயிலும் தமிழிலுமாகக் கேட்டார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். எங்கள் ஆய்வின்படி அந்த இடத்தில் நடந்து கடப்பவர்கள் குறிப்பிடும் அளவுக்கு இல்லை என்று நான் மலாயில் சொன்னேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டு வந்த வாக்கியம் அது.

டேவானில் கூச்சல் எழுந்தது. "யாரு எண்ணுனா? எவன் வந்து எண்ணுனான்?" என்று செயலாளர் கத்தினார்.

மூன்றாவது வரிசையில் அந்த அக்கா எழுந்து நின்றார். கோயிலுக்குப் போவது போல நல்ல சேலை கட்டியிருந்தார். "நான்தான் எண்ணுனேன்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. "நடக்கறவங்களையும் எண்ணுனேன். எழுதிக் குடுத்திருக்கேன். தம்பிகிட்ட இருக்கு."

கூச்சல் அடங்கியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அந்தம்மா என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். அவர் வண்டிகளை எண்ணியவர் என்று மட்டும் மொழிபெயர்த்தேன். பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படி, "அக்கா வண்டி மட்டும்தான் எண்ணுனாங்க. கட்டத்துக்குள்ள வண்டிதான் இருக்கு" என்று தமிழில் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ கணக்கில் எங்கே பிசகியது என்று தேடுகிற பார்வை. மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்து, பின்னால் கறிபாப் பலகாரமும் தேநீரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் காருக்கு நழுவப் பார்த்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் குவளைத் தேநீரோடு அவர் வந்தார். அந்தத் தேநீர் எனக்காம்.

"தம்பி, ஓரத்துல போட்டது தப்பாயிருச்சா?"

இதைவிட எளிதான வழி ஒரு மனிதனுக்குக் கிடைக்காது. "ஆமாக்கா. கட்டத்துக்குள்ள இல்லன்னா கம்ப்யூட்டர் எடுக்காது" என்றேன்.

"அய்யோ. எனக்குத் தெரியலியே." அவர் முகம் சுண்டிவிட்டது. "நீங்க வேல அவசரத்துல ஒரு பேச்சுக்கு ஓரத்துல போடுங்கன்னீங்க. நான்தான் நல்லா கேட்டுக்கிட்டு எழுதியிருக்கணும் லா. இத்தன பேரு நம்பியிருந்தாங்க."

இல்லை என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. தேநீரைக் குடித்துவிட்டுக் குவளையை அவரிடமே கொடுத்தேன்.

மறுநாள் காலை, அலுவலகத்தில் என் மேசைக்கடியில் கூட்டிக்கொண்டே சொன்னார்: "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் தம்பி. அந்தத் தம்பி மேல குத்தம் இல்ல, நான்தான் எடம் மாத்தி எழுதிட்டேன்னு. செயலாளருக்கு ரொம்பக் கோபம். பரவால்ல, கோபப்படத்தானே செய்வாங்க."

அதன் பிறகு அவருக்கு அங்கே என்ன நடந்தது என்பதை, அலுவலகக் கீழ்த்தளத்துக் கடையில் வேலை செய்த ஃபிளாட்காரப் பெண் சொல்லித் தெரிந்துகொண்டேன். கோயிலில் அவரைக் கண்டால் "கணக்கப்புள்ள வந்துட்டாங்க, வழி விடுங்க" என்று சிரிப்பார்களாம். கோயில் அன்னதானத்துக்கு வருகிறவர்களை எண்ணிச் சொல்லும் வேலை வருடா வருடம் அவருடையது. அந்த வருடம் அதை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டார்கள். அதையும் அவர் ஒத்துக்கொண்டாராம். இன்னொரு முறையும் தப்பாகிவிட்டால் சோறு பத்தாமல் போய்விடும் என்றாராம்.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் கூட்டி முடித்துப் போகும் நேரம் பார்த்து அலுவலகம் வரத் தொடங்கினேன். ஆனாலும் சில நாள் மாட்டிக்கொள்வேன். "சாப்டீங்களா தம்பி?" என்பார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் நிம்மதியாக இருந்திருப்பேன் என்று அப்போது நினைப்பேன். அதுவும் சுயநலம்தான்.

ரோடு வந்தது. நன்றாகவே வந்தது. வண்டிகள் நிற்காமல் போயின. நாங்கள் அறிக்கையில் சொன்ன வேகத்தைவிடக் கூடுதலாகவே போயின. மக்கள் கான்கிரீட் தடுப்பின் மேல் ஏறிக் குதித்துப் போனார்கள். தூரத்து யூ-டர்ன் வரை நடந்து, சுற்றி வர யாருக்குப் பொறுமை? ஒரு காலை அந்த வழியாக வந்தபோது, முன்னால் போன கார்கள் திடீரென்று நின்றன. ஒரு மடக்குக் குடையை நீட்டிக்கொண்டு அந்த அக்கா ரோட்டின் நடுவில் நின்றிருந்தார். சீருடை போட்ட பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இறக்கினார். குனிந்து எழும்போது ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். நான் கண்ணாடியை ஏற்றி, வெயில் மறைப்பைக் கீழே இழுத்துவிட்டேன். அவர் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் அலுவலகத்தில், "தம்பி, அன்னிக்கு ஒங்களையும் நிக்க வச்சிட்டேன். வேலைக்கு லேட்டாயிருச்சா?" என்று கேட்டார்.

தினமும் காலையில் அப்படி நிற்கிறார் என்று கீழ்க்கடைப் பெண் சொன்னாள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. தன்னால் வந்த வினை, தானே பார்த்துக்கொள்கிறேன் என்று தொடங்கினாராம். முழங்கால் முற்றிலும் ஒத்துழைக்க மறுக்கும்வரை நின்றார். பிறகு வேலையை விட்டுவிட்டு, பாகான் செராயில் மகள் வீட்டோடு போய்விட்டார். போகும் முன் சொல்லிக்கொள்ள அலுவலகத்துக்கு வந்தார். நான் உள்ளே மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன்.

போன மாதம், டேவான் கூட்டம் நடந்து ஏழு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, அதே செயலாளர் என்னைத் தேடி வந்தார். முடி நரைத்துவிட்டது, சத்தம் குறையவில்லை. அந்தப் பகுதியில் வீடுகள் இன்னும் பெருகிவிட்டதால் ரோட்டை மறுபடி பார்க்கப்போகிறார்கள், விளக்கு கேட்டு மனு போடுகிறோம் என்றார். பழைய படிவம் இருந்தால், அப்போதே இத்தனை பேர் கடந்தார்கள் என்று காட்டலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அதெல்லாம் பழசுண்ணே. தேடணும்" என்றேன். படிவங்கள் என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் இருந்தன. நான்தான் அங்கே வைத்திருந்தேன். தூக்கிப் போடவும் தைரியம் வந்ததில்லை.

"இல்லன்னா பரவால்ல தம்பி" என்று அவர் எழுந்தார். "அக்காவுக்கும் போன் போட்டேன். ‘அந்தத் தம்பியத் தொந்தரவு பண்ணாதீங்க, நான்தான் எடம் மாத்தி எழுதுனேன், அவரு என்னா பண்ணுவாரு’ன்னுச்சு. இன்னமும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கு, பாவம்."

அவர் கதவு வரை போய்விட்டார். உட்காருங்கள் என்று நான் சொன்னது எனக்கே சத்தமாகக் கேட்டது. அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஓரத்தில் கோடுகள், பாதிக் கோடுகள், புள்ளிகள், பின்பக்கமும் கோடுகள். என்ன நடந்தது என்று நானே சொன்னேன். நகல் இயந்திரத்தில் தாளை நகர்த்தியது வரை சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனை எடுத்து, அக்காவின் எண்ணை அழுத்தி, என் கையில் கொடுத்தார்.

"அக்கா, நான்தான்" என்றேன். குரலை அடையாளம் கண்டுகொண்டார். நல்லா இருக்கீங்களா, பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார். அதற்கெல்லாம் பதில் சொன்னேன். பிறகு சொன்னேன்: "அக்கா, கம்ப்யூட்டர் எடுக்காதுன்னு சொன்னது பொய். நீங்க ஓரத்துல எழுதுனது எல்லாம் சரியா இருந்துச்சு. நான்தான் மறைச்சிட்டேன்."

மறுமுனையில் ஒரு குழந்தை எதற்கோ அழுதுகொண்டிருந்தது. யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"அப்ப நான் தப்பா எழுதலியா தம்பி?"

"இல்லக்கா."

நான் காத்திருந்தேன். திட்டுவார், அழுவார், பரவாயில்லை என்பார் என்று மூன்றுக்கும் தயாராக இருந்தேன்.

"ஏழு வருசம், நாலு மாசம் தம்பி" என்றார்.

பிறகு போனை வைத்துவிட்டார்.